நாய் சொன்ன கட்டு

கூட்டாளிமாரே, போன மாதம் நூலக மண்டபத்தில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு நான் ஏன் வரவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். முதற்பிரதி வாங்க என் பெயரைத்தான் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அதில் புதுமை ஒன்றுமில்லை. கோயில் கும்பாபிஷேகமோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, இந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் முன்வரிசையில் எனக்கொரு நாற்காலி கிடக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு யாரும் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. இன்றைக்குக் கொக்கட்டிச்சோலையிலிருந்து கல்குடா வரைக்கும் என் ஆலை அரிசி வேகாத பானையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அப்படிப்பட்டவன் ஒரு சின்னப் புத்தகத்துக்குப் பயந்து வீட்டில் படுத்துவிட்டான் என்று சிலர் சிரித்ததும் என் காதுக்கு வந்தது. பயமில்லை. அருவருப்பு.

புத்தகத்தை எழுதிய ரீச்சர் ஒரு பிரதியை முன்னரே கொண்டுவந்து தந்தார். நல்ல பிள்ளை, அவரில் குற்றமில்லை. சிறுவர்களுக்கான மர்மக் கதைகள். எல்லாக் கதையையும் சொல்வது வீட்டு நாய். அட்டையில் அந்த நாய் குளித்துச் சீவிய வெள்ளை மயிரோடு பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டு இளிக்கிறது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் பிடிக்கும் என்பதால் பேத்தி வாசித்தாள், நான் சாய்மனைக் கதிரையில் கிடந்து கேட்டேன். முதற்கதையில் ஒரு மோதிரம் காணாமற் போகிறது. நாய் மோந்து மோந்து திரிகிறது. கடைசியில் கள்ளி யாரென்றால், அந்த வீட்டில் சமைக்கிற பெண். வீடே நம்பியிருந்த பெண்.

பேத்தி கைதட்டினாள். "பாத்தீங்களா அப்பப்பா, ஒருத்தரும் நினைக்காத ஆள்தான் கள்ளன். மர்மக் கதையெண்டா அப்படித்தான்."

புத்தகத்தை மூடச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு ஏனென்று விளங்கவில்லை. உங்களுக்காவது விளங்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். பழுகாமத்தில் பெரிய வளவும் கல்வீடும் மூத்தவளான பெரியம்மாவுக்குப் போயின. இளையவளான என் அம்மாவுக்கு அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு துண்டு நிலமும் கிடுகு வீடும். அப்பா காய்ச்சலில் போனபின் அம்மா பெரியம்மா வீட்டிலேயே விடிந்ததும் நுழைந்து, பொழுதுபட்டதும் வெளியே வருவார். நெல் அவிப்பதும் காயவைப்பதும் குத்துவதும் அவர்தான். அவர் கையை மோந்தால் எப்போதும் அவிச்ச நெல்லின் மணம் வரும். சோப்புப் போட்டாலும் போகாது. பெரியம்மாவின் பெட்டகத் திறப்பு, சாவிதான், பெரியம்மாவின் இடுப்பிலல்ல, என் அம்மாவின் இடுப்பில்தான் கிடக்கும். "என்ட வீட்டுக்கு நான் தலை, இவள் கை" என்று பெரியம்மா ஊருக்கெல்லாம் சொல்லுவார். சொன்ன வாய் அதுதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் ஒரு செவலை நாய். அட்டைப்படத்து நாயை நினைக்காதீர்கள். காது மடலுக்குள் உண்ணி, முந்திரிகைக் குலைபோல அடர்ந்து கிடக்கும். முதுகில் சொறி. வாவிக்கரையில் ஒதுங்கிய அழுகின மீனில் புரண்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வரும். தின்றதைக் கக்கும், கக்கியதைத் தின்னும். அதற்குச் சோறு வைப்பதும் என் அம்மாதான்.

இந்த நாயைத்தான் பெரியம்மாவின் மகள் கதைசொல்லியாக்கினாள். எனக்கு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூப்பு. மத்தியானம் பெரியவர்கள் உண்ட களையில் கிடக்கும்போது, வாவியோரத்து மருதமர நிழலில் நாயை மடியில் கிடத்தி உண்ணி பிடுங்குவாள். சுற்றிவர நாங்கள். பிடுங்கின உண்ணியைச் சிரட்டைத் தண்ணீரில் போட்டபடி, தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு தொடங்குவாள்.

"நான் இந்த வீட்டு நாய். எனக்கு எல்லாம் தெரியும். ஆனா என்னட்ட ஒருத்தரும் கேக்கிறல்ல."

எருமைத் தயிர்ச் சட்டியை வழித்து நக்கியது யார், கோழிமுட்டை எங்கே போனது, கோயில் மணியின் நாக்கை அறுத்தது யார், இப்படி எத்தனை கதை. நாய் மோப்பம் பிடிக்கும், ஒட்டுக்கேட்கும், கட்டிலுக்கடியில் கிடந்து காலடிகளைப் பார்க்கும். துப்புக் கிடைக்கும் இடம் வந்தால் கொழுத்த உண்ணியாகப் பார்த்துச் சிரட்டைக்குள் போடுவாள். அதுதான் எங்களுக்கு அடையாளம். பிறகு கள்ளன் யாரென்று நாங்கள் சொல்லவேண்டும்.

"பூனை" என்பேன் நான்.

"போடா மொக்கு. பூனையெண்டு எல்லாரும்தானே நினைப்பாங்க. எல்லாரும் நினைச்சா அது கள்ளனா? ஒருத்தரும் நினையாத ஆள நினை."

அந்த வயதில், எங்கே எதுவும் வாசிக்காமல், அவள் தன் தலையாலேயே கண்டுபிடித்த விதி அது. அவளுக்கு அப்படியொரு மூளை. படிக்க வைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள். வைக்கவில்லை.

வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு வந்தது. பெரியம்மா பட்டுடுத்தி, கழுத்தில் பூட்டப் பதக்கத்தை எடுக்கப் பெட்டகத்தைத் திறந்தார். பதக்கம் இல்லை. சிவப்புக் கல் பதித்து, நடுவில் அன்னம் வைத்த பதக்கம். பெரியம்மாவின் தாய்வழியில் வந்தது.

பாயை உதறினார்கள், பானையைக் கவிழ்த்தார்கள், கிணற்றைக்கூட இறைத்தார்கள். சட்டிபானை விற்க வந்தவனைச் சந்தேகித்தார்கள், ஓலை வேய வந்தவனைச் சந்தேகித்தார்கள். அம்மாவை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. சாம்பற் குவியலைக் கையாலேயே அரித்து அரித்துத் தேடியவர் அவர்தான். பிறகு வந்து பெரியம்மாவின் காலடியில் குந்தி அழுதார்.

எங்களுக்கு அது கொண்டாட்டம். மெய்யாகவே ஒரு களவு. மருதமரத்துக்கு ஓடினோம். "அக்கா, நாய் என்ன சொல்லுது? நாயக் கேளு கா." அவள் நாயின் வாயருகில் காதை வைத்தாள். தொண்டையைக் கரகரவென்று ஆக்கினாள்.

"பதக்கம் எடுத்த கைய நான் மோந்தநான். கள்ளு மணக்கல்ல. மீன் மணக்கல்ல. அவிச்ச நெல்லு மணக்குது. எனக்குச் சோறு வைக்கிற கை அது."

கொழுத்த உண்ணி ஒன்று சிரட்டைக்குள் விழுந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உலகத்திலேயே ஒருவரும் நினைக்க முடியாத ஆள் என் அம்மா. அப்படியென்றால் கதை எவ்வளவு நல்ல கதை. அவளும் சிரித்தாள். அவளுக்கு என் அம்மா என்றால் உயிர். சின்னம்மா சின்னம்மா என்று அவர் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிகிற பிள்ளை.

பெரியப்பா அப்போது வாவியில் குளித்துவிட்டு ஈரச் சால்வையோடு வந்துகொண்டிருந்தார். மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

பெரியப்பா ஊர் வைரவர் கோயிலின் வண்ணக்கர். கோயிலின் வரவு செலவும் அதிகாரமும் அவர் கையில். ஆனால் கோயில் ஓர் அடுப்படி அளவுதான். பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் தெய்வம் ஏறிக் குறி சொல்கிறது, தன் கோயிலில் வைரவர் வாயே திறக்கிறாரில்லை என்று அவருக்கு நெடுநாள் புழுக்கம். இப்போது தன் வீட்டுப் பிள்ளை, கரகரத்த குரலில், நாயாகப் பேசுகிறது. வைரவரின் வாகனம் என்ன? நாய்.

நான் சொல்லவேண்டுமா, உங்களுக்கே விளங்கியிருக்கும். அந்த மனிதர் மகளைப் பார்க்கவில்லை, கோயிலைத்தான் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்கு ஊர் திரண்டது. அக்காவுக்கு வெள்ளைச் சேலை சுற்றி, தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வார்த்தார்கள். கையில் வேப்பிலை. நாய்க்குச் செவ்வரத்தம்பூ மாலை. வைரவருக்குச் சாத்தின வடைமாலையை நாய்க்கு நீட்டினார்கள். அது மாலையை நூலோடு விழுங்கியது. "ஏத்துக்கொண்டார்" என்று கும்பிட்டார்கள். சற்று நேரத்தில் அதைப் பலிபீடத்தடியில் கக்கியது. அதற்கும் கும்பிட்டார்கள். இதைச் செய்தவர்கள் பைத்தியக்காரர்களல்ல, கூட்டாளிமாரே. வயல் வட்டையில் வரம்புக்கு வரம்பு கணக்காக நிற்கிற ஆட்கள்.

குளிரிலும் பயத்திலும் அக்கா நடுங்கினாள். "உரு வருது", சாமி ஏறுகிறது, என்றார்கள். பூசாரி, எங்கள் பக்கத்தில் கட்டாடியார் என்போம், உடுக்கை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"புள்ள, நீ மரத்தடியில சொன்னது என்ன?"

அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்து அழத்தொடங்கினாள். நடந்தது விளங்கிவிட்டது அவளுக்கு.

"அது கட்டு" என்றாள். "மெய்யா, அது கட்டு. நான் கட்டித்தான் சொன்னநான்."

அவள் சொன்னது, இல்லாததைக் கட்டிச் சொன்னேன், கதை கட்டினேன் என்று. பிள்ளைகள் எங்களுக்குக் கட்டு என்றால் அதுதான் பொருள். ஆனால் எங்கள் பகுதிக் கோயில்களில் தெய்வம் ஏறினவர் வாயிலிருந்து வரும் குறிக்கும் பெயர் கட்டு. கட்டுச் சொல்லுதல் என்போம். பொய்க்கும் தெய்வ வாக்குக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், எங்கள் கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

"கேட்டீங்களா, அவள்ட வாயாலயே சொல்றாள். கட்டுத்தானாம்" என்றார் பெரியப்பா.

பெண்கள் குரவையிட்டார்கள். அக்கா இன்னும் ஏதோ கத்தினாள், தலையை ஆட்டி ஆட்டி, இல்லை இல்லை என்று. குரவைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டுவதைப் பார்த்து இன்னும் உரத்துக் குரவையிட்டார்கள்.

அம்மாவை முன்னே தள்ளிவிட்டார்கள். "நான் எடுக்கல்ல" என்றார் அம்மா.

"அப்ப வைரவர் பொய் சொல்றாரோ?" என்றார் பெரியப்பா.

"சாமிய ஒண்டும் சொல்லல்ல அத்தான். நான் எடுக்கல்ல."

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீடு அவருடையது, பதக்கம் அவருடையது, தங்கச்சி அவருடையவள். பெரியப்பாகூட அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதானே. பெரியம்மா கையை நீட்டினார்.

"திறப்பத் தா."

அம்மா இடுப்பிலிருந்து திறப்பை அவிழ்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. ஊர் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை தோணியேறி, வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வந்தோம். ஒரு நெல்லுப்பெட்டி, இரண்டு பாய், நான். கள்ளியென்று பெயர் வாங்கின பெண்ணுக்கு அடுப்படி வேலை யார் கொடுப்பார்கள்? காத்தான்குடியிலிருந்து சீலை வியாபாரத்துக்கு வருகிற முஸ்லிம் காக்கா ஒருவர்தான் தன் தறிவீட்டில் நூல் சுற்றும் வேலை கொடுத்தார். கதையைக் கேட்டுவிட்டுச் சீலைக் கட்டைக் கீழே இறக்கி வைத்தார். "நாய்ட பேச்சக் கேட்டு மனிசியத் துரத்தின ஊர இப்பதான் புள்ள கேள்விப்படுறன்" என்றார். அவருடைய சீலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்துதான் நான் வியாபாரம் படித்தேன். பள்ளிக்கூடம் படிப்பிக்காததை அந்த நடை படிப்பித்தது. இன்றைக்கு என் லொறிகள் போகிற பாதையெல்லாம் நான் காலால் அளந்த பாதை.

மாரி மழை பிடித்து விதைப்புத் தொடங்கின காலத்தில் தோணிக்காரர் வந்து வாசலில் நின்றார். "பதக்கம் கிடைச்சிட்டு கா. விதைநெல் மூடைய அவிழ்க்கக்குள்ள உள்ளுக்க இரிந்திரிக்கு."

அம்மா உள்ளே போனார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினார். இருந்த ஒரேயொரு நல்ல சேலையை உடுத்தினார். வாசலைக் கூட்டினார். வெற்றிலைத் தட்டை மினுக்கி வைத்தார். தன் அக்காச்சி வருவாள் என்று காத்திருந்தார். அந்தச் சேலையை அவர் மடித்து வைக்க எத்தனை நாள் சென்றதென்று கேட்காதீர்கள்.

வந்தது தோணிக்காரர்தான், மறுபடியும். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அங்கால வேற மாதிரிக் கதைக்கிறாங்க கா. வைரவருக்குப் பயந்து நீங்க ஆரிட்டயோ குடுத்து மூடைக்குள்ள போடுவிச்சீங்களாம். கட்டுப் பலிச்சிட்டு எண்டு பொங்கிப் படைச்சிட்டாங்க."

களவு போகவேயில்லை என்பதற்கு வந்த சாட்சியையே களவுக்குச் சாட்சியாக்கிவிட்டார்கள். எவ்வளவு கழுவினாலும் என் வாயிலிருந்து போகாத கசப்பு இது. நாய்க்கு வெள்ளியில் மணி செய்து கட்டினார்களாம். சொறி முதுகோடு அது சீவித்து முடிந்தபோது கோயில் வளவுக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டார்களாம்.

அக்காவை வெள்ளிக்கிழமை தோறும் உட்கார வைத்தார்கள். தொலைந்த மாடு கேட்டும் ஓடிப்போன புருசனைக் கேட்டும் ஆட்கள் வந்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அடித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். வைரவர் மலையேறிவிட்டார் என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு பிள்ளைக்கும், தான் பெற்ற பிள்ளைக்கும்கூட, கதை சொன்னதில்லை.

நான் வளர்ந்து, நெல் வாங்க வாவி கடந்து போன ஒருநாள், அவள்தான் எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். பதக்கம் ஒரு சேலைத்துண்டில் முடிந்து கிடந்ததாம். பெரியம்மாவின் பழஞ்சேலை. இரட்டை முடிச்சு, ஒரு தலைப்பை உள்ளே செருகி, பெரியம்மா மட்டுமே முடிகிற முடிச்சு. சடங்குக்கு வீடு நிறைய ஆட்கள் வருவார்கள் என்று தானே ஒளித்து, தானே மறந்திருக்கிறார். "அம்மா முடிச்சப் பாத்தா" என்றாள் அக்கா. "பாத்த உடன முகம் வெளிறிப் போச்சு. ஏதோ சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள அப்பா, பாத்தியா வைரவர்ட சக்திய எண்டார். அம்மா வாய மூடிட்டா."

மறதிக்கு நான் கோபப்படவில்லை. மறதி மனிதருக்கு உள்ளது. அந்த மூடின வாய், அதுதான் எனக்கு அழுகின மீன்.

அம்மாவை நான் ராசாத்தி மாதிரி வைத்திருந்தேன். எழுவான்கரையில் முதல் மாடிவீடு நான் அவருக்குக் கட்டினது. கழுத்துக்குப் பதக்கம் செய்துகொடுத்தேன். போடமாட்டார். "பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பாங்க மகன்" என்பார். என் பெயரைச் சொன்னால் நாலு ஊரும் எழுந்து நிற்கும் காலத்திலும், கலியாணவீட்டில் நகை வைத்த அறைக்குள் கால்வைக்க மாட்டார், வாசலில் நின்றே பேசுவார். நான் உழைத்து உண்டாக்கின எதைக்கொண்டும் அதை மாற்ற முடியவில்லை.

அம்மா செத்த அன்று பெரியம்மா தோணியில் வந்தார். பெரியப்பா போய் நெடுநாள். கூனி, கோலூன்றி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாய்க்கரிசி போடும் நேரம். சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கச்சி, நான் உன்ன எப்பயோ மன்னிச்சிட்டன் கா."

சபை மூக்கைச் சிந்தியது. என்ன பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"பெரியம்மா, பதக்கத்த முடிஞ்ச முடிச்சு ஆருட முடிச்சு? அத மட்டும் சொல்லிப்போட்டு அரிசியப் போடுங்க."

அவருக்கு விளங்கியது. கண் அக்காவிடம் போய் வந்ததைக் கண்டேன். பயப்படப் புருசன் இல்லை. கோயிலும் இடிந்து புற்றெடுத்துவிட்டது. கூடப்பிறந்தவள் கண்மூடிக் கிடக்கிறாள். ஒரு வார்த்தை.

"அது சாமிட விசயம் மகன்" என்றார். "அத நாம கதைக்கப்படாது."

"அப்ப கைய எடுங்க."

அவர் விரல்களை விரித்தார். அரிசி சுளகிலேயே விழுந்தது. தன் தங்கச்சிக்குக் கடைசிப் பிடி அரிசி போடாமல் போக அவரால் முடிந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. சாவீட்டில் கிழவியை அவமானப்படுத்தினவன் என்று என்னை இன்றுவரைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும்.

அடுத்ததாக அக்கா அரிசியை அள்ளினாள். அம்மாவின் முகத்தருகே குனிந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. அன்று வாசல்வரைக்கும் கேட்டது.

"சின்னம்மா, அத நாய் சொல்லல்ல. சாமி சொல்லல்ல. நான் சொன்னநான். பொய். முழுப் பொய்."

கட்டு என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. குரவையிட யாருமில்லை. எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. அரிசியைப் போட்டுவிட்டு நிமிர முடியாமல், பாடையைப் பிடித்தபடி விம்மி விம்மி நடுங்கினாள்.

பழுகாமத்திலிருந்து வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"வைரவா" என்றாள். "இத்தினை வருசத்துக்குப் பிறகு புள்ளைக்கு உரு வருது."